அடுப்பில் பிழையா, ஆளில் பிழையா?



இந்த மாதம் ஓர் அடுப்பைப் பற்றி எழுதுகிறேன். சமையற் குறிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பில் உள்ள ஒரு சின்னத் துவாரத்தைப் பற்றியும், அதைக் கவனிக்காமல் ஒரு பெண்ணைப் பற்றி நான் எழுதிவைத்த ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் போனால் ஓர் அக்கா இருக்கிறார். நான்கு மாடுகள், இரண்டு பிள்ளைகள். கணவர் இல்லை. விடியச்சாமத்தில் எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுப்பதுதான் சீவியம். மூத்த மகளுக்குத் தொய்வு. புகை பட்டால் அன்றிரவு நித்திரை இல்லை.

இந்த வீட்டு வளவில் 2017இல் ஒரு திட்டத்தின் கீழ் உயிர்வாயுத் தாங்கி கட்டிக் கொடுத்தார்கள். மண்ணுக்குள் புதைந்த குவிமாடத் தாங்கி. சாணத்தையும் தண்ணீரையும் கரைத்து ஊற்றினால் உள்ளே புளித்து வாயு வரும். கூடவே கடையில் விற்கும் இரட்டை காஸ் அடுப்பு ஒன்றும் கொடுத்தார்கள். திறப்பு விழாவில் தேத்தண்ணீர் வைத்துப் படமும் எடுத்தார்கள். அடுத்த வருடம் நான் பின்தொடர் பார்வைக்குப் போனபோது அடுப்பின் மேல் பழைய பேப்பர் கட்டு இருந்தது. அக்கா விறகில் சமைத்துக்கொண்டிருந்தார்.

“எரியுதில்ல மிஸ்” என்றார். “விடியச்சாமத்தில பத்த வச்சா நெருப்பு மேலெழும்பிப் போய் அணையுது. பின்னேரத்தில பத்த வச்சா சோம்பேறி மாதிரிக் கிடக்குது.”

நான் சமூகவியல் படித்தவள். படிவத்தில் ‘பாவனை கைவிடப்பட்டதற்கான காரணம்’ என்ற கட்டத்தில் “பயனாளியின் மனப்பாங்கு, பழக்கத்தை மாற்றுவதில் தயக்கம்” என்று எழுதினேன். அந்தக் கிராமத்திலேயே இன்னும் சில வீடுகளுக்கும் அதே வரிதான். பல்கலைக்கழகத்தில் படித்த சொல் பொருத்தமான இடத்தில் வந்து விழுந்ததில் உள்ளூர ஒரு திருப்திகூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

2022 வந்தது. காஸ் வரிசைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4860 ரூபாய்க்குப் போனது, அதுவும் கிடைத்தால்தான். தாங்கி உள்ள வீடுகளை மீண்டும் போய்ப் பார்க்கும்படி எங்களை அனுப்பினார்கள். இம்முறை தனியே போகவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டோடு சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவர்.

அவர் படிவம் எதையும் எடுக்கவில்லை. “எப்படி அணையுது, சொல்லுங்க தங்கச்சி” என்று கேட்டார். அக்கா நான்கு வருடங்களுக்கு முன் எனக்குச் சொன்ன அதே இரண்டு வசனங்களைச் சொன்னார். மாஸ்டர் தலையை ஆட்டினார். “சரியாத்தான் சொல்றீங்க. இரவு முழுக்க யாரும் சமைக்காததால தாங்கிக்குள்ள வாயு நிறைஞ்சு விடியச்சாமத்தில அமுக்கம் கூட. சமைக்கச் சமைக்கக் குறையும். பின்னேரம் அமுக்கம் இல்ல. ஆனா அது பாதிக் காரணம்தான்.”

மீதிக் காரணத்தை அடுப்பைக் கவிழ்த்து வைத்துக் காட்டினார். உங்கள் வீட்டு காஸ் அடுப்பிலும் இதைப் பார்க்கலாம், சிலிண்டரைப் பூட்டிவிட்டு, அடுப்பு ஆறிய பிறகு. குமிழைத் திருப்பும் இடத்தில் ஒரு பித்தளை முனை இருக்கும். கடைக்காரர்கள் ஜெட் என்பார்கள். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவு துவாரம். அதற்கு முன்னால் சற்று இடைவெளி விட்டு ஒரு குழாய் வாய் திறந்திருக்கும். துவாரத்திலிருந்து வாயு வேகமாகப் பாயும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. குழாயின் நீளத்தில் இரண்டும் கலக்கின்றன. கலந்தது பர்னர் தலைக்குள் நிறைந்து சுற்றிவர உள்ள சிறு துளைகளால் வெளியே வந்து எரிகிறது. தேவையான காற்றில் ஒரு பகுதி இப்படி முன்கூட்டியே கலக்கிறது. மிச்சத்தைச் சுவாலை வெளியிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சாதாரண தரத்தில் படித்த பன்சன் சுடரடுப்பு ஞாபகம் வருகிறதா? ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் பல்கலைக்கழகத்தில் றொபேட் பன்சனின் யோசனைப்படி பீற்றர் டெசாகா என்ற கருவித் தொழிலாளி 1855 அளவில் செய்தது அது. எரிவதற்கு முன்பே காற்றைக் கலந்துவிட்டால் புகையில்லாத, சூடான நீலச் சுவாலை கிடைக்கும் என்பதுதான் அதன் சங்கதி. நாமெல்லாம் படம் கீறிப் பெயர் குறித்துப் புள்ளி வாங்கியதோடு மறந்துவிட்டோம். அதே விஷயம் நம் குசினியில் தினமும் எரிகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சிலிண்டர் வாயுவுக்கும் சாண வாயுவுக்கும் தேவையான காற்றின் அளவு ஒன்றல்ல. சிலிண்டர் வாயு ஒரு பங்கு முழுதாக எரிய 25 முதல் 30 பங்கு காற்று வேண்டும். சாண வாயுவில் மெதேன் 60 சதவீதம் அளவில்தான். மிச்சத்தில் பெரும்பகுதி எரியாத காபனீரொட்சைட்டு. அதற்கு 6 பங்கு காற்றே போதும். கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் சூடும் சிலிண்டர் வாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே அதே சூடு வேண்டுமானால் ஐந்து மடங்கு வாயு வர வேண்டும்.

கடை அடுப்பின் ஜெட் சிலிண்டருக்காகச் செய்தது. துவாரம் ஒரு மில்லிமீற்றரும் இல்லை. அதனூடாகச் சாண வாயுவை விட்டால் இரண்டு பிழைகள் ஒன்றாக நடக்கும். வாயு கொஞ்சமாக வரும். அந்த மெல்லிய பாய்ச்சலோ அகன்ற குழாய்க்குள் அளவுக்கு மிஞ்சிய காற்றை இழுத்து வரும். காபனீரொட்சைட்டு கலந்திருப்பதால் சாண வாயுவின் சுவாலை இயல்பிலேயே மெதுவாகப் பரவுவது. காற்று மிஞ்சியதும் துளையைப் பிடித்து நிற்க முடியாமல் எழும்பி அணைந்துவிடும்.

மாஸ்டர் சொல்லி முடிக்க முன்பே அக்கா சொன்னார்: “அப்ப இடியப்ப மாவுக்குத் தோசைக்கு விடுற தண்ணிய விட்ட மாதிரியா?” மாஸ்டர் சிரித்துவிட்டார். முப்பது வருடம் படிப்பித்தும் தனக்கு இப்படி ஓர் உதாரணம் கிடைக்கவில்லை என்றார்.

அன்றே வேலை தொடங்கியது. அது ஒரேயடியாகச் சரிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஜெட்டைக் கைட்ரில்லால் ஒன்றரை மில்லிமீற்றருக்குத் துளைத்தார் மாஸ்டர். சுவாலை துளையில் நின்றது. எங்களுக்குப் பெரும் சந்தோஷம். அக்கா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “ஒரு பக்கம்தான் எரியுது, இடியப்பத் தட்டில பாதி வேகாது” என்றார். உண்மைதான். வலப்பக்கம் உயர்ந்த சுவாலை, இடப்பக்கம் நீல விளிம்பு மட்டும். கையால் துளைத்ததில் துவாரம் சற்றுச் சரிந்துவிட்டது. வாயு குழாயின் நடுவே போகாமல் ஒரு சுவரில் மோதிக் காற்றோடு சமமாகக் கலக்காமலே தலைக்குள் போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது குழாய்க்குள் வார்ப்பிலேயே விட்டுப்போன பிசிறு ஒன்றும் இருந்தது. அதை அரத்தால் தேய்த்து எடுத்தார்.

இரண்டாவது ஜெட்டை லேத்தில் கடைந்து, நேராக 2 மில்லிமீற்றருக்குத் துளைத்தார். இப்போது சுவாலை சுற்றிவர ஒரே உயரம். ஆனால் நீண்டு ஆடியது, நுனியில் மஞ்சள். இம்முறை காற்று காணாது. ஜெட்டுக்கும் குழாய் வாய்க்கும் இடையே காற்று போகும் இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, அதைக் கூட்டிக் குறைக்க ஒரு தகட்டு வளையமும் போட்டார். வளையத்தைத் திருப்பியது அக்கா. மஞ்சள் நுனி மறையும்வரை திறந்து, சுவாலை எழும்பத் தொடங்கியதும் ஒரு மயிரிழை மூடினார். விடியச்சாமத்துக்கு ஓர் அடையாளம், பின்னேரத்துக்கு ஓர் அடையாளம் என்று வளையத்தில் இரண்டு கீறல் போடச் சொன்னதும் அவர்தான். அமுக்கம் மாறும் தாங்கிக்கு அதைவிட நல்ல ஏற்பாடு தனக்குத் தோன்றியிருக்காது என்று திரும்பி வரும் வழியில் மாஸ்டர் சொன்னார்.

மஞ்சள் நுனி ஏன் ஆகாது என்றால், அது முழுதாக எரியாத தீயின் அறிகுறி. சட்டியின் அடி கறுப்பது கண்ணுக்குத் தெரியும். கூடவே வரக்கூடிய காபனோரொட்சைட்டு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கி உயிரையே எடுக்கும். சிலிண்டர் அடுப்பு வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும். நேற்றுவரை நீலமாக எரிந்தது இன்று மஞ்சளாகப் புகைந்தால் ‘இந்த முறை காஸ் சரியில்லை’ என்று மட்டும் நினைக்காமல் பர்னர் துளைகளையும் காற்று வாயையும் பாருங்கள். பொங்கி வழிந்த பால், எண்ணெய்ப் பிசுக்கு, சில வேளை சிலந்தி வலை, இவை காற்றை மறித்துவிடும். ஜெட்டை மட்டும் ஊசி கொண்டு குத்தாதீர்கள். துவாரம் பெருத்தால் சிலிண்டர் வாயு அளவுக்கு மிஞ்சி வரும். சாண வாயுவுக்கென்று துளைத்த அடுப்பை ஒருநாளும் திரும்பச் சிலிண்டரில் பூட்டக் கூடாது. அக்காவின் அடுப்பில் மாஸ்டர் இதைப் பெயின்ரால் எழுதியே விட்டார். குழாய்ப் பூட்டுகளில் கசிவு பார்ப்பது சவர்க்கார நுரையால், நெருப்புக் குச்சியால் அல்ல. யன்னல் திறந்திருக்கட்டும்.

இன்னொரு விஷயம். சாண வாயுவில் கூழ்முட்டை மணத்தோடு ஐதரசன் சல்பைட்டும் கொஞ்சம் இருக்கும். அது பித்தளையை அரிக்கும். லேத்தில் கழியும் இரும்புச் சீவலைத் துருப்பிடிக்க விட்டு ஒரு குழாய்த் துண்டுக்குள் அடைத்து, வாயுவை அதனூடாக விட்டால் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மாஸ்டரின் பட்டறையில் குப்பையாகக் கிடந்த சீவலுக்கு அன்று வேலை கிடைத்தது.

கணக்கையும் கேட்பீர்கள். 25 கிலோ பச்சைச் சாணம் நாளுக்குச் சுமார் ஒரு கன மீற்றர் வாயு தரும். ஒரு பர்னர் இரண்டு, மூன்று மணித்தியாலம் எரிய அது போதும். இரவில் பட்டியில் கட்டும் நான்கு மாட்டுச் சாணத்தில் அது வருகிறது. விடியற்புற இடியப்பமும் மத்தியானச் சோறும் இப்போது அதில்தான். மீன் பொரிக்கும் நாளில் இன்னும் விறகுதான். புகை முழுதாகப் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். மகளின் தொய்வும் மாறிவிடவில்லை. விடியற்காலை முட்டு குறைந்திருக்கிறது என்று தாய் சொல்கிறார்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டு வீடுகளில் முக்காற்பங்குக்கும் மேல் விறகில் சமைத்தவை. எத்தனை வளவுகளில் இப்படித் தாங்கிகள் தகரம் மூடிக் கிடக்கின்றன? ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு கோப்பில் ‘மனப்பாங்கு’ என்று எழுதப்பட்டிருக்கும். தாங்கியைத் திட்டமிட்டவர்கள் சீமெந்துக்கும் கல்லுக்கும் கணக்குப் பார்த்தார்கள். அடுப்பைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். சமைப்பவளின் கை கடைசியில் தொடும் அந்தத் துண்டுக்குத்தான் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. அக்கா முதல் நாளே சொன்ன குறையை நான் காதால் கேட்டேன், கையால் வேறு எழுதினேன்.

அந்த வரியை வெட்டி, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். மற்ற வீடுகளில் மூன்றின் ஜெட்டையும் மாஸ்டர் மாற்றிவிட்டார். ஒரு வீட்டில் அடுப்பில் பிழை இல்லை. குழாய் பள்ளமாகப் போன இடத்தில் தண்ணீர் தேங்கி வாயுவை மறித்திருந்தது.

போன கிழமை அக்கா தொலைபேசி எடுத்தார். “மிஸ், அடுப்புக் கால் காணாது. பெரிய புட்டுப்பானைய வச்சா அடி நெருப்பில முட்டி, நீலம் குழம்பிப் போகுது. அரை அங்குலம் உயர்த்தினாச் சரிவரும் போல. மாஸ்டர் எப்ப வருவார்?”

சனிக்கிழமை போகிறோம்.