யோபின் நண்பர்களும் திரைப்பட விமர்சகர்களும்

டெரன்ஸ் மாலிக் இயக்கிய ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ 2011ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது, பத்திரிகையாளர் காட்சியில் கைதட்டலும் எதிர்ப்புக் கூச்சலும் ஒருசேர எழுந்தன. விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை அது பெற்ற பின்னரும் வழக்கு ஓயவில்லை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத் திரையரங்கொன்று, படம் பிடிக்காதோர்க்குப் பணம் திருப்பித் தரப்படாதென அறிவிப்பே வைத்தது. குற்றச்சாட்டு ஒன்றுதான்: கதை இல்லை!

கதை உண்டு, மெலிந்த கதை. 1950களின் டெக்ஸாஸ். கண்டிப்பான தந்தை, கனிவே உருவான தாய், மூன்று மகன்கள். ஒருவன் 19ஆம் வயதில் இறந்தான் என்று செய்தி வருகிறது. எப்படி இறந்தான், ஏன் இறந்தான் என்பதைப் படம் கூறுவதேயில்லை. மாறாக விண்மீன்களின் பிறப்பையும் கடலையும் எரிமலையையும் தொல்விலங்குகளையும் காட்டுகிறது. “மகனை இழந்த தாய்க்கும் டைனோசருக்கும் என்ன தொடர்பு?” என்று எள்ளினர் சிலர்.

இவர்கள் படத்தின் தொடக்கத்தில் தோன்றும் இறைவார்த்தையைக் கவனியாமல் விட்டவர்கள். அது யோபு நூலின் 38ஆம் அதிகாரத்தினின்று எடுக்கப்பட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு காரணம் கேட்கிறார். ஆண்டவரோ காரணம் கூறவில்லை; மண்ணுலகின் அடித்தளத்தையும் விடியலையும் கடலையும் வரையாட்டையும் தீக்கோழியையும் காட்டுகிறார். இயக்குநர் செய்திருப்பதும் அதுவே.

அப்படியானால் யோபுக்குக் “கதை” சொன்னவர்கள் யார்? எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் அல்லவா? பாவம் செய்தாய், தண்டனை பெற்றாய் என்று தொடக்கமும் முடிவும் பிசகாமல் கோத்துத் தந்தனர். அவர்கள் மீதுதான் ஆண்டவர் சினமுற்றார்!

படத்திலும் அத்தகைய ஆறுதல்காரர் உண்டு. காலம் காயத்தை ஆற்றும், இன்னும் இரு பிள்ளைகள் இருக்கிறார்களே என்று அத்தாயிடமே பாட்டி கூறுகிறார். அக்காட்சியில் நான் தலைகுனிந்தேன். சாவு வீடுகளில் அதே சொற்களை எத்தனை முறை கூறியிருக்கிறேன்! காரணம் தெரியாத இடத்தில் காரணம் கற்பித்ததை மறையுரை என்று எண்ணியிருந்தேன்.

இப்படம் குறையற்றதென்று நான் வாதிடவில்லை. இறுதிக் கடற்கரைக் காட்சியில் இனிமை மிகுதி என்போரோடு எனக்கும் உடன்பாடே. புரியாதோர் சுவையறியாதோர் என்று இகழும் அபிமானிகளையும் நான் ஏற்கவில்லை, அதுவும் செருக்கே. ஆயினும், எல்லாவற்றிற்கும் கதை கேட்கும் மனம் திரையரங்கோடு நின்றுவிடுவதில்லை. துயருற்ற அயலாரின் வீட்டிற்குள்ளும் அது நுழைகிறது.

யோபின் நண்பர்கள் ஒரு நற்செயல் செய்தார்கள்: ஏழு நாள்கள் அவரோடு தரையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார்கள். இரண்டேகால் மணி நேரம் அவ்வாறு அமர நம்மால் இயலாதா?