கூடுதல் ஒதுக்கீடு பிச்சையும் இல்லை, பரிசும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். லிட்டில் இந்தியாவில் கோயில் வேலை செய்யும் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஆட்கள், மீதிப் பேர் மார்க்கெட் ஸ்திரீட் கடைக்காரர்கள். ஒரு தம்பி போனைக் காட்டி, "அண்ணே, மாநில அரசாங்கம் பாதி வருஷத்துல கூடுதல் ஒதுக்கீடு கொடுக்குதாம், நமக்கும் வாரி வழங்குவாங்க" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். எங்களுக்குத் தட்ட மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் 'வாரி வழங்குவது' என்ற பேச்சை விடுங்கள். நிலத்துக்கு நாம் கட்டும் நிலவரி மாநில அரசுக்குப் போகிறது. வீட்டுக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி மாநகர் மன்றத்துக்குப் போகிறது. இரண்டும் நம் பாக்கெட்டில் இருந்து போன காசு. நம் காசையே நமக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் தர்மமா?

சரி, கூடுதல் ஒதுக்கீடு என்றால் என்ன? ஒவ்வொரு வருஷமும் நவம்பர் வாக்கில் அடுத்த வருஷத்துக்கான வரவு செலவுத் திட்டத்தை முதலமைச்சர் சட்டமன்றத்தில் தாக்கல் செய்கிறார். சட்டமன்றம் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் செலவு வந்தால், அரசாங்கம் தன்னிஷ்டத்துக்கு எடுக்க முடியாது. திரும்பவும் சட்டமன்றத்துக்கு வந்து கூடுதல் தொகைக்கு அனுமதி வாங்க வேண்டும். கூட்டரசு அரசாங்கத்துக்கும் அதே கட்டுப்பாடுதான், அரசியலமைப்பின் 101ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதையே 'துணை மானியக் கோரிக்கை' என்கிறார்கள். ஆக கூடுதல் செலவு கேட்பது தப்பு இல்லை. எதற்குக் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி யாருக்காவது மறக்குமா? புயல் மழையில் பினாங்கே மூழ்கியது, 7 உயிர் போனது. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது மாநில அரசு 75 மில்லியன் வெள்ளி உதவித் திட்டம் அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பட்ஜெட்டைத் தாண்டி செலவு பண்ணினால் ஒருத்தரும் குறை சொல்ல மாட்டோம். முன்கூட்டித் தெரியாத செலவு அது.

தெரிந்த செலவு வேறு. தைப்பூசம் என்றைக்கு வரும் என்று பஞ்சாங்கம் முந்தின வருஷமே சொல்லிவிடும். ரதம் எந்தத் தெரு வழியாகத் தண்ணீர்மலைக்குப் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூரை ஒழுகுவது மூணு மழைக்கு முன்னாலேயே தெரியும். இதெல்லாம் நவம்பரில் எழுதாமல் ஜூனில் எழுதினால் அது எதிர்பாராத செலவா, எழுத மறந்த செலவா? தைப்பூசம் முடிந்து நாலு மாசம் கழித்து வரும் காசில் யார் பால்குடம் தூக்குவது?

தொழிற்சாலையில் எங்கள் பிழைப்பைப் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்கு முன்னால் ஓவர்டைம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை முன்கூட்டிக் கணக்கில் எழுதாமல், பாதி வருஷத்தில் மேனேஜரிடம் போய், "பாஸ், காசு பத்தல" என்றால் விடுவாரா? "போன வருஷம் நீ எங்கே இருந்தே?" என்று கேட்பார். சூப்பர்வைசரை அப்படிக் கேட்கலாம், அரசாங்கத்தைக் கேட்கக் கூடாதா?

பினாங்கு பெரிய பணக்கார மாநிலம் என்று நினைக்காதீர்கள். 2025க்கு கூட்டரசு பட்ஜெட் 421 பில்லியன். பினாங்கு மாநில பட்ஜெட் சுமார் ஒரு பில்லியன்தான், அதுவும் பற்றாக்குறை பட்ஜெட். பற்றாக்குறையைச் சேமிப்பில் இருந்துதான் அடைக்க வேண்டும். மாநிலங்கள் நினைத்தபடி கடன் வாங்கவும் முடியாது, அரசியலமைப்பு 111ஆவது பிரிவு கையைக் கட்டுகிறது. பெரிய வரிகளெல்லாம் கூட்டரசுக்குப் போகின்றன. நிலத்தில் வரும் வருமானம்தான் மாநிலத்துக்கு முக்கியம், ஒரு முறை விற்ற நிலத்தைத் திரும்ப விற்க முடியாது. ஒவ்வொரு கூடுதல் வெள்ளியும் நம் பிள்ளைகளின் உண்டியலில் இருந்து எடுப்பதுதான்.

இதைத் தட்டிக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம். மொத்தம் 40 இடம். 2023 ஆகஸ்ட் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு 29, எதிரணிக்கு 11. கணக்குப் போட்டால் எந்தக் கூடுதல் மசோதாவும் தோற்காது. அதனால்தான் சொல்கிறோம், கை தூக்குவதற்கு முன்னால் நம் ஒய்.பி.க்கள் வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். ஆளுங்கட்சி ஒய்.பி. கேட்டால் ஆட்சி கவிழ்ந்துவிடாது.

எங்களுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கலாம். எங்கள் கோயில் மாடியில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடந்தது, 20 பிள்ளைகள். ஆசிரியைக்குச் சம்பளம் கேட்டுப் போனோம். "பாதி வருஷத்துல கூடுதல் ஒதுக்கீடு வரும், அப்ப பார்க்கலாம்" என்றார்கள். ஜூன் வந்தது, பெரிய அட்டை செக்கோடு போட்டோ எடுத்தார்கள். காசு கைக்கு வந்தபோது அக்டோபர். அதற்குள் அந்த அம்மா வேறு வேலைக்குப் போய்விட்டார். டிசம்பருக்குள் செலவு பண்ணி ரசீது காட்டு என்று அவசரம், அதனால் நாற்காலி வாங்கினோம். இன்றைக்கு மாடியில் நாற்காலி இருக்கிறது, பிள்ளைகள் இல்லை.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டோம். அந்த வகுப்புக்கான கடிதத்தையே நாங்கள் பிப்ரவரியில்தான் எழுதினோம். பட்ஜெட் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது! எங்கள் ஆண்டுக் கூட்டத்திலும் பொருளாளர் கூடுதல் செலவு என்று வாசித்தால், "சரி சரி, சாப்பாடு ஆறுது" என்று அஞ்சு நிமிஷத்தில் முடிக்கிறோம். அங்கே நடப்பதை இங்கேயும் நடத்திவிட்டு யாரைக் குறை சொல்வது?

அதனால் மூன்று விஷயம்.

ஒன்று, கூடுதல் ஒதுக்கீட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது ஏன் நவம்பரில் இல்லை' என்று ஒரு காரணம் எழுதுங்கள். தமிழிலும் போடுங்கள், எங்கள் பெரியவர்களும் படிக்கட்டும்.

இரண்டு, கோயில்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஆகஸ்டுக்குள் தேவையை எழுதி ஒய்.பி.யிடம் கொடுத்து, கையெழுத்து வாங்கி நகல் வைத்துக்கொள்வோம். மாசாமாசம் நடக்கும் வேலைக்கு மாசாமாசம் வரும் காசு வேண்டும், அது முதல் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும்.

மூன்று, அதே விதி எங்களுக்கும். இந்த வருஷத்தில் இருந்து எங்கள் கோயிலின் கூடுதல் செலவைக் காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வந்து பாருங்கள், கேளுங்கள்.

"கோயில் ஆளுங்களுக்கு அரசியல் எதுக்கு?" என்று சிலர் கமெண்டில் எழுதுவீர்கள். உண்டியல் காசை எண்ணும் கை எங்களுடையது. சில்லறையைக்கூட ரெண்டு பேர் முன்னால்தான் எண்ணுகிறோம். பொதுக்காசும் அப்படித்தான் எண்ணப்பட வேண்டும் என்பது அரசியல் இல்லை, நேர்மை.

அடுத்த முறை அட்டை செக் போட்டோ வந்தால் லைக் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஏன் நவம்பரில் இல்லை?"

சரி என்று பட்டால் பகிருங்கள். ஓம் சக்தி.