சும்மா சுற்றும் சக்கரம்

“எண்ணெய் வேண்டாம், கரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு தடவை சுற்றிவிட்டால் போதும், ஆயுள் பரியந்தம் ஓடும்” என்று ஒரு யந்திரத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் எக்காலத்திலும் உண்டு. இதை நம்பிப் பணத்தைத் தொலைப்பவர்கள் பாமர மக்கள் மாத்திரமல்ல; பட்டம் பெற்ற பெரிய மனிதர்களும் உண்டு. ஆதலால் இதைப் பற்றிச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது.

1812-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர், தானே சுற்றும் யந்திரம் என்று ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். ஜனங்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். அங்கே சாயம் வெளுத்ததும் நியூயார்க்குக்குக் கடையை மாற்றினார். 1813-ல், நீராவிக் கப்பல் விட்டுப் புகழ் பெற்ற ராபர்ட் ஃபுல்டன் அதைப் பார்க்கப் போனார். சக்கரம் ஒரே சீராக ஓடாமல் வேகம் கூடுவதும் குறைவதுமாக இருப்பதைச் சத்தத்திலேயே கண்டுகொண்டு, சுவரோரப் பலகைகளைப் பெயர்த்தார். உள்ளே ஒரு கயிறு ஓடிற்று. அதன் வழியே போனால், மாடி அறையில் ஒரு தாடிக்காரக் கிழவர் ஒரு கையில் ரொட்டியைத் தின்றுகொண்டு, மறு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்!

தோழர்களே! விஷயம் முழுவதும் இந்தக் கிழவரிடத்தில் அடங்கியிருக்கிறது. அவர் தின்ற ரொட்டிதான் அந்த யந்திரத்துக்கு விறகு. சக்தியை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு ரூபத்திலிருந்து இன்னொரு ரூபத்துக்கு மாற்றத்தான் முடியும். எவ்வளவு உழைப்பு எவ்வளவு சூடாகிறது என்பதை 1840-களில் ஜூல் என்பவர் எடைக்கல்லை இறக்கி, அதனால் தண்ணீரைக் கலக்கி, அளந்தே காட்டிவிட்டார். அவர் காலேஜ் பேராசிரியரல்ல. பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர்.

“சரி, கரி போடுகிறோம், அதன் சூடு முழுவதையும் வேலையாக்கலாமல்லவா?” என்று கேட்கலாம். அதுவும் முடியாது. 1824-ல் பிரெஞ்சு தேசத்துக் கார்னோ இதைக் கண்டார். மேல் மடையிலிருந்து கீழ் மடைக்குத் தண்ணீர் விழுந்தால்தான் சக்கரம் சுற்றும். பள்ளம் இல்லாவிட்டால் எத்தனை தண்ணீர் இருந்தும் பயனில்லை. அதுபோலவே சூடும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை கிடைக்கும். ஒரு பங்கு குளிர்ந்த பக்கம் போயே தீரும்.

கணக்கு லேசானது. சென்டிகிரேடு அளவோடு 273-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். நீராவி 540 டிகிரி என்றால் 813. அது குளிரும் இடம் 30 டிகிரி என்றால் 303. 303-ஐ 813-ஆல் வகுத்தால், நூற்றுக்கு 37 பங்கு வீண், மிச்சம் 63. அதுவே உச்ச வரம்பு. உராய்வும் ஒழுக்கும் போக, கரி எரிக்கும் மின்சார நிலையங்களில் இன்று கைக்கு வருவது பெரும்பாலும் 35, 40 பங்குதான். 1712-ல் நியூகோமன் செய்த யந்திரம் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் கொடுக்கவில்லை. ஒரே உருளையை மாறி மாறிச் சூடாக்கிக் குளிரவைப்பதே வீண்செலவு என்று கண்ட வாட், குளிரவைக்கத் தனிப் பாத்திரம் வைத்து 1769-ல் உரிமை பெற்றார். கரிச்செலவு வெகுவாகக் குறைந்தது. இந்த முன்னேற்றமெல்லாம் நஷ்டம் எங்கே என்று தேடியதால் வந்ததேயொழிய, நஷ்டமே இல்லை என்று சாதித்ததால் வந்ததல்ல.

பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775-லேயே, சும்மா சுற்றும் யந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டது. நாமோ இன்னும் பணத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஆகவே, இனி எவனாவது இப்படி ஒரு யந்திரத்தோடு உங்களிடம் வந்தால், கும்பிடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். “இதில் எரிவது என்ன? கழிகிற சூடு போவது எங்கே?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் சுவரோரப் பலகையைப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே பாடுபடுகிறவன் ஒருவன் இருப்பான். வசூல் செய்கிறவன் வாசலில் இருப்பான்.