பாஸ் ஆனால் போதுமா?

"குடிச்சா என்ன இப்போ? எக்ஸாம்ல பாஸ் பண்றோம்ல!"

கல்லூரி விடுதிகளில் இந்த ஒரு வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. பல் மருத்துவக் கல்லூரி விடுதிகளும் விதிவிலக்கல்ல. முதலாண்டுப் பையனுக்கு சீனியர் ஊற்றிக்கொடுக்கும் முதல் 'கட்டிங்', கல்ச்சுரல்ஸ் இரவு, பிராக்டிகல் முடிந்த மாலை, ரிசல்ட் வந்த நாள் என்று சாக்குகளுக்குக் குறைவே இல்லை. பெற்றோருக்கு விஷயம் தெரியாது. நிர்வாகமோ தெரிந்தாலும் தெரியாததுபோல் இருந்துவிடும். பிள்ளை பாஸாகும்வரை யாரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எனவே, மாணவர்கள் சாட்சிக்கு அழைக்கும் அந்த மார்க் ஷீட்டையே முதலில் விசாரிப்போம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விமானப்படை அகாடமி ஒன்று இருக்கிறது. கட்டுப்பாட்டுக்குப் பெயர்போன இடம். அங்கு படித்த மாணவர்களின் மதிப்பெண்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் அலசி, 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த நாட்டில் 21 வயது நிரம்பினால்தான் சட்டப்படி மது அருந்த முடியும். அதனால், 21-ஐத் தொடுவதற்குச் சற்று முன்பு தேர்வு எழுதியவர்களையும், தொட்டதற்குச் சற்றுப் பின்பு எழுதியவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இருவருக்கும் பாடம் ஒன்று, கட்டுப்பாடு ஒன்று. சட்டம் மதுவுக்குக் கொடுத்த அனுமதி மட்டும்தான் வித்தியாசம். வயது 21-ஐக் கடந்ததும் மதிப்பெண் இறங்கியது. பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. ஆனால் மறுக்க முடியாத சரிவு. அதிலும் அதிகமாக இறங்கியது யாருக்கு என்பதுதான் கவனிக்க வேண்டியது. நன்றாகப் படிக்கும் முன்வரிசை மாணவர்களுக்கு!

பாஸ் பண்ணும் பிள்ளையை வைத்து மதுவுக்கு நற்சான்று கொடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். எண்பது வாங்க வேண்டியவர் எழுபத்தெட்டில் நின்றால் வீட்டில் சந்தோஷமாக ஸ்வீட் கொடுப்பார்கள். போன இரண்டு மார்க்கை எந்த மார்க் ஷீட்டும் காட்டிக்கொடுக்காது. அது காட்டிக்கொடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றும்போது, பழக்கம் ஆண்டுக்கணக்கில் வேரூன்றியிருக்கும்.

உடம்பின் கணக்கு மார்க் ஷீட்டைவிடக் கறாரானது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் ஆல்கஹால் 42.8 சதவிகிதம், எடையில் சொன்னால் ஏறத்தாழ 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம்வரைதான் அப்புறப்படுத்தும். மோர் குடித்தாலும் எலுமிச்சைச் சாறு குடித்தாலும் இந்த வேகம் அதிகரிக்காது. ஆக, ஒரு குவார்ட்டர் முழுதாக வெளியேற ஆறு முதல் ஒன்பது மணி நேரம் தேவை. தலைவலியும் கை நடுக்கமும் கவனச் சிதறலும் உச்சத்துக்குப் போவது, போதை இறங்கி முடியும் அந்த நேரத்தில்தான். போதாததற்கு, மது தரும் தூக்கம் நல்ல தூக்கமும் அல்ல. படித்தவை மனதில் நிலைப்பது உறக்கத்தின்போதுதான். அந்த உறக்கத்தையே மது குலைத்துவிடுகிறது. ராத்திரி அடித்த சரக்கு, மாலையில் படித்த பாடத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகிறது.

எந்தப் படிப்புக்கும் பொருந்துகிற இந்த விஷயம், பல் மருத்துவத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். காரணம், இது கைத்தொழிலும் கலந்த படிப்பு. முதலாண்டில் மெழுகில் பல் செதுக்கத் தொடங்கும் கை, அடுத்து பொம்மைத் தலையில் பழகி, மூன்றாம் ஆண்டில் மனித வாய்க்குள் நுழைகிறது. அங்கே மாணவர்கள் பிடிப்பது நிமிடத்துக்கு மூன்று லட்சம் முறைக்கு மேல் சுழலும் ஏர்ரோட்டர் என்ற துளைக்கருவி. அது இழைக்கும் எனாமலின் தடிமனோ, அதிகம் போனால் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர். அனாடமியைக் கடைசி வாரத்தில் கண்விழித்து மனப்பாடம் செய்து ஒப்பேற்றிவிடலாம். கை பழகாமல் கழிந்த காலை நேரத்தை எந்தக் கைடு புத்தகத்தாலும் ஈடுகட்ட முடியாது. இத்தனை பல் எடுக்க வேண்டும், இத்தனை பல் அடைக்க வேண்டும், இத்தனை பல்செட் கட்ட வேண்டும் என்று ஒவ்வொரு துறையிலும் கோட்டா உண்டு. தலைவலியோடு படுத்துக் கிடந்த நாளில், வரவழைத்திருந்த நோயாளி காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். மறுபடி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அந்த நோயாளி யார்? வெளியே ரூட் கெனாலுக்குக் கொடுக்க வசதியில்லாத தினக்கூலிக்காரர். பேருந்து பிடித்து வந்த பாட்டி. டாக்டர் தம்பி எத்தனை மார்க் வாங்கினார் என்று இவர்கள் கேட்பதில்லை. கையை நம்பி வாயைத் திறக்கிறார்கள். பாஸ் மார்க் வாதம் செல்லாமல் போகிற இடம் இது.

குடியின் கேடு இந்த மாணவர்களுக்குத் தெரியாதா? நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988-ல். மதுவும் புகையிலையும் கைகோத்தால் வாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு பெருகும் என்பது, இவர்கள் தேர்வில் எழுதி மார்க் வாங்குகிற பதில். தெரிந்திருந்தும் குடிக்கிறார்கள் என்றால், போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26-ம் தேதி உறுதிமொழி எடுப்பதும் போஸ்டர் போட்டி நடத்துவதும் மட்டும் இவர்களைத் திருத்தாது என்று அர்த்தம்.

ஏன் குடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். எம்.பி.பி.எஸ். கனவு நீட் மதிப்பெண்ணில் நழுவி, மனமில்லாமல் பி.டி.எஸ்-ஸுக்கு வந்தவர்கள் இவர்களில் கணிசம். பள்ளிவரை முதலிடத்தில் இருந்தவர், இங்கே முதல் அரியரை வாங்கும்போது யாரிடம் சொல்வதென்று தெரியாமல் திகைக்கிறார். தியரியில் தனியாக 50 சதவிகிதம், பிராக்டிகலில் தனியாக 50 சதவிகிதம், வருகைப் பதிவு 75 சதவிகிதம். ஒன்று தவறினாலும் கூடப் படித்தவர்கள் முன்னே போய்விடுவார்கள். வீட்டில் கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் ஒரு பக்கம். படித்து முடித்தாலும் பல கிளினிக்குகளில் கிடைக்கும் சொற்பச் சம்பளம் மறுபக்கம். குடித்ததால் மார்க் குறைகிறது என்பது எவ்வளவு உண்மையோ, மார்க் குறைந்ததால் குடிக்கத் தொடங்குகிறார்கள் என்பதும் அவ்வளவு உண்மை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு செக்குமாடாகச் சுற்றுகின்றன. எந்த இடத்திலாவது நுகத்தடியை அவிழ்த்துவிட வேண்டும்.

கல்லூரிகள் என்ன செய்கின்றன? பிடிபட்டால் சஸ்பெண்ட், அப்பாவை வரவழைத்து மன்னிப்புக் கடிதம், அதற்கும் மேல் போனால் விடுதியிலிருந்து நீக்கம். அதன் பலன், குடி நிற்பதில்லை. வெளியே வாடகை ரூமுக்கு இடம் மாறுகிறது. உதவி கேட்க நினைக்கும் மாணவரும் வாயை மூடிக்கொள்கிறார். மாணவிகள் விஷயத்தில் அவமான பயமும் சேர்வதால் மௌனம் இன்னும் இறுகிவிடுகிறது.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கும் துணிவு நிர்வாகங்களுக்கு வேண்டும். போதையோடோ, போதை தெளியாமலோ நோயாளியைத் தொடுவது குற்றம். அதில் தயவு தாட்சண்யம் கூடாது. தானாக வந்து உதவி கேட்பது குற்றமல்ல. அதற்குத் தண்டனையும் கூடாது. குடியின் தீவிரத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. எட்டு மதிப்பெண்ணைத் தொட்டால் எச்சரிக்கை என்று பொருள். ஐந்து நிமிட வேலை. ஆண்டுக்கு ஒருமுறை, பெயர் வெளியே போகாத முறையில், எல்லா மாணவர்களுக்கும் இதைக் கொடுக்கலாம். ஆலோசனை சொல்பவர், அந்த மாணவருக்கு இன்டர்னல் மார்க் போடாத, வெளியிலிருந்து வரும் நிபுணராக இருக்க வேண்டும். முதல் அரியர் விழுந்த மாதத்திலேயே ஓர் ஆசிரியர் அவரை அழைத்து உட்காரவைத்துப் பேச வேண்டும். 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண், ஒவ்வொரு விடுதி நோட்டீஸ் போர்டிலும் இருக்க வேண்டும்.

அரசுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. முதல் இரண்டு ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். எத்தனை டாஸ்மாக் கடைகளில் அடையாள அட்டை கேட்கிறார்கள்? நகரங்களில் கல்வி நிலையத்துக்கும் மதுக்கடைக்கும் இடையே விதி கேட்கும் இடைவெளி வெறும் 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் மதுவால் வருவாய் பார்க்கும் அரசு, அந்த தூரத்தைக் கூட்டவும் வயதைச் சோதிக்கவும் தயங்குவதற்கு நியாயமே இல்லை.

சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூனியரை வற்புறுத்திக் குடிக்கவைப்பது ராகிங். 1997-லேயே தமிழ்நாடு இதற்குச் சட்டம் போட்டுவிட்டது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். போனில் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால், "நல்லாத் தூங்குனியா? சாப்பிட்டியா? மனசு சரியா இருக்கா?" என்று கேளுங்கள். கல்லூரி நிர்வாகங்களே, அடுத்த சஸ்பென்ஷன் ஆர்டரில் கையெழுத்துப் போடுமுன், உதவி கேட்டு வர ஒரு வாசலைத் திறந்து வையுங்கள். அதை இந்தக் கல்வியாண்டிலேயே செய்யுங்கள்.