32 வீட்டுக்கு எத்தனை டிஷ் வேண்டும்?

மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் மொத்தம் 32 வீடுகள். மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்களின் எண்ணிக்கை அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அவற்றில் பலவற்றுக்கு இன்று உரிமையாளரே கிடையாது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்யும்போது செட்டாப் பாக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர் வேறு கம்பெனியின் வாடிக்கையாளர். அவருக்குப் புதுத் தட்டு, புது ஒயர், தளத்தில் புதிதாக நாலு ஓட்டை.

அந்த நாலு ஓட்டையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் சங்கத்தின் பொருளாளர். தளம் ஒழுகினால் செலவுக் கணக்கு என் நோட்டில்தான் ஏறும். என் வீடும் கடைசி மாடியில் இருக்கிறது.

நம் ஊர் மொட்டை மாடியின் அமைப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். கான்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய அடுக்கு, அதற்கும் மேல் தட்டோடு. ஆங்கர் போல்ட்டுக்காக டிரில் போட்டால் தட்டோடு உடைந்து, சுண்ணாம்பு அடுக்கைத் தாண்டிக் கான்கிரீட் வரை துளை போகும். ஐப்பசி மழையில் அந்த வழியே தண்ணீர் இறங்கும். இறங்கிய இடத்திலேயே அது ஒழுகினாலாவது அடைத்துவிடலாம். தட்டோட்டுக்கு அடியிலேயே பரவி, பத்தடி தள்ளி யாரோ ஒருவர் படுக்கையறைக் கூரையில் ஈரமாகத் தெரியும். டிஷ் வைத்தவர் முதல் மாடியில் இருப்பார். பெயின்ட் உரிவது மூன்றாவது மாடியில். எந்த ஓட்டை யாருடையது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்த பிறகு கூட்டம் போட்டுப் பேசுவோம்.

டிஷ் மாட்ட வரும் பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “தம்பி, இங்க ஓட்டை போடாதேப்பா” என்றால், “நாலே நாலு போல்ட்தான்ம்மா, இதை முடிச்சுட்டு இன்னும் மூணு வீட்டுக்குப் போகணும்” என்பான். அவன் நிலைமை அது. பொதுவில் ஓர் இடம் ஒதுக்கி, ‘இங்கே மாட்டிக்கொள்’ என்று அவனுக்குக் காட்டாதது நம் குறை.

தண்ணீருக்கு ஒரே சம்ப், ஒரே மோட்டார் என்று பொதுவில் வைத்துக்கொண்டிருக்கிறோம். வானத்திலிருந்து வரும் சிக்னலையும் அப்படியே ஒரே இடத்தில் வாங்கி வீடு வீடாகப் பிரித்துத் தர முடியும். அதற்கான கருவிகள் பல வருடங்களாகக் கடையில் கிடைக்கின்றன. பெரிய அடுக்ககமாக இருந்தால், கேட்டால் சில கம்பெனிகளே வந்து செய்து தருகின்றன. நாம்தான் கேட்பதில்லை.

“ஒரு டிஷ்ஷிலிருந்து ஸ்பிளிட்டர் போட்டு இழுத்தோம், ஒரு வீட்டில் சேனல் மாற்றினால் இன்னொரு வீட்டில் படம் போய்விடுகிறது” என்று பக்கத்துத் தெருவில் ஒருவர் சொன்னார். அவர் பார்த்தது உண்மைதான், காரணமும் எளிது. செயற்கைக்கோளிலிருந்து அலைகள் கிடையாகவும் வரும், செங்குத்தாகவும் வரும். நம் வீட்டு பாக்ஸ் எந்தச் சேனல் வேண்டுமோ அதற்கேற்ப 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை ஒயர் வழியே மேலே அனுப்பும். தட்டின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. அதைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் திருப்பித் தரும். இரண்டு வீடுகள் ஒரே ஒயரில் வேறு வேறு கேட்டால் அது என்ன செய்யும்? இதற்குத்தான் மல்டிஸ்விட்ச் வந்தது. இரண்டு வகை அலையையும் தனித்தனி ஒயரில் அதற்குள் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீடு கேட்டதை அது எடுத்துத் தரும். எட்டு வீட்டுக்கு, பதினாறு வீட்டுக்கு என்று அளவு உண்டு. உயரமான கட்டடமாக இருந்தால் கண்ணாடி இழை வழியாகவே இறக்கலாம்.

“என் வீட்டுக்கு அந்த மூலையில்தான் சிக்னல் கிடைக்கும்” என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம் ஒன்று சொல்வேன். சென்னையிலிருந்து பார்த்தால் டாடா பிளே பயன்படுத்தும் 83 டிகிரி செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து 74 டிகிரி உயரத்தில் இருக்கின்றன. சன் டைரக்டின் 93.5 டிகிரி இடம் தென்கிழக்கில், 68 டிகிரி உயரத்தில். இரண்டும் கிட்டத்தட்டத் தலைக்கு மேல்தான். பக்கத்துக் கட்டடம் மறைக்கும் என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை. படிக்கட்டுக் கூண்டின் மேல் ஒரு இரும்புச் சட்டம் அடித்தால் எல்லாத் தட்டுகளும் அதில் நின்றுவிடும். தளத்தில் ஒரு ஓட்டைகூட வேண்டாம்.

93.5-க்கு இன்னொரு வசதியும் உண்டு. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதக் கட்டணமே இல்லை; பாக்ஸ் வாங்கினால் போதும். பொதுத் தட்டு இருந்தால் வாட்ச்மேன் அறைக்கும் ஒரு ஒயர் இறக்கலாம். இரவெல்லாம் நமக்காகக் கண்விழிக்கும் மனிதர் பகல் ஓய்வில் கொஞ்ச நேரம் டிவி பார்க்க சங்கம் இந்த ஒரு ஒயரையாவது தர வேண்டும். இதை நான் சலுகையாகச் சொல்லவில்லை.

பொது என்றதும் வரும் பெரிய பயம், ஒரே கம்பெனியைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்பது. நியாயமான பயம். புதுக் குடியிருப்புகளில் கட்டுநரோ சங்க நிர்வாகிகளோ ஒரு கம்பெனியுடன் பேசி முடித்துவிட்டு, ‘இங்கே இதுதான்’ என்று சொல்வதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். எங்கள் கட்டடத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன, மலையாளம் பேசுபவர்கள் இருக்கிறார்கள், கொல்கத்தாவிலிருந்து வந்த இளம் தம்பதி இருக்கிறார்கள். வேண்டிய சேனலுக்கு மட்டும் பணம் கட்டும் உரிமையை 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. பெரும்பான்மை என்று சொல்லி ஒரு வீட்டின் அந்த உரிமையைக்கூட சங்கம் தொடக் கூடாது. தட்டும் ஒயரும் பொது. பாக்ஸும் ரீசார்ஜும் அவரவருடையது. நான்கைந்து கம்பெனி என்றால் நான்கைந்து தட்டு. 32 வீடானாலும் 100 வீடானாலும் எண்ணிக்கை அவ்வளவுதான்.

தெருக் கேபிள்காரரையும் ஒதுக்கக் கூடாது. எங்கள் பகுதிக்காரர் பல வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். டிவி நின்றால் இரவு ஒன்பது மணிக்கும் வருவார். சுவருக்குள் போகும் பொதுக் குழாயில் அவர் ஒயருக்கும் இடம் வேண்டும். இன்று ஜன்னல் ஜன்னலாகத் தொங்கும் கறுப்பு ஒயர்களில் பாதி அவருடையவை. வேறு வழி நாம் தரவில்லை.

இனி எல்லாம் இன்டர்நெட்தானே, டிஷ் எதற்கு என்று என் மகளே கேட்கிறாள். அவள் வயதுக்கு அது சரி. என் எதிர் வீட்டுப் பாட்டிக்கு ரிமோட்டில் மூன்று பட்டன்தான் தெரியும். சாயங்கால சீரியலும் காலை ராசிபலனும் அவருக்கு மனிதத் துணை மாதிரி. அவர் போன்றவர்கள் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறார்கள். பிராட்பேண்ட் ஒயரும் அதே குழாயில்தான் வரப்போகிறது என்பதால் போட்ட பணம் வீணாகாது.

பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது எங்கள் மாடியில் துருப்பிடித்து நின்ற தட்டு ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து கீழே வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்தது. வெளியே யாரும் இல்லாததால் தப்பித்தோம். அது யாருடைய தட்டு என்று இன்றுவரை தெரியாது. பொது இரும்புச் சட்டமாக இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை போல்ட்டை முடுக்கி, துரு சுரண்டி, பெயின்ட் அடிக்கலாம். இடிக்கு முறையான எர்த் கொடுக்கலாம். இன்று எங்கள் மாடியில் ஒரு தட்டுக்குக்கூட எர்த் கிடையாது.

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் இது. வீட்டுக்கு வீடு குழாய் இறங்கியதை நம் கண்ணால் பார்த்தோம். அதே போல் புதிய அடுக்ககங்களுக்கு அனுமதி தரும்போதே, மொட்டை மாடியில் தட்டுகளுக்கான இரும்புச் சட்டமும் அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒயர்க் குழாயும் வரைபடத்தில் இருக்க வேண்டும், அவை எல்லாக் கம்பெனிக்கும் திறந்திருக்க வேண்டும் என்று அரசு விதி கொண்டுவர வேண்டும். கட்டும்போது போட்டால் செலவு சொற்பம்.

பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் விதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தட்டோடு மாற்றவோ வாட்டர்ப்ரூஃபிங் செய்யவோ எப்படியும் ஒரு நாள் எல்லா டிஷ்களையும் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த வேலை முடிந்ததும் பழையபடி அவரவர் ஓட்டை போட விடாதீர்கள். ஒப்பந்தக்காரரிடம் கொட்டேஷன் வாங்கும்போதே இரும்புச் சட்டம், மல்டிஸ்விட்ச், குழாய் மூன்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள். உரிமையாளர் தெரியாத தட்டுகளுக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு மாத அவகாசம் கொடுத்துவிட்டு இறக்கிவிடுங்கள்.