ரவாய்க் கரையும் உவரிக் கரையும்

கூடங்குளத்திலிருந்து நாங்கள் நால்வர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்று திரும்பினோம். 2023 நவம்பரில் தாய்லாந்தில் இந்தியருக்கு விசா விலக்கு நடைமுறைக்கு வந்த பின்னர் எங்கள் வட்டாரத்திலிருந்தும் பலர் அங்குப் போய் வருகின்றனர். பயணக் கட்டுரை எழுதுமாறு வாசக நண்பர்கள் சிலர் கேட்டனர். எந்தக் கடற்கரையில் எத்தனை மணிக்குச் சூரியன் மறைகிறது என்பதையெல்லாம் எழுதப் பிறர் இருக்கின்றனர். அங்கு கண்ட ஒன்று எங்கள் ஊர்க் கரையைப் பற்றி எழுப்பிய கலக்கத்தை மட்டும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

காணத்தக்கவை அத்தீவில் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாலோங் விகாரை, குன்றின் மேல் அமர்ந்து தொலைவிலிருந்தே கண்ணில் படும் 45 மீட்டர் உயரப் புத்தர், வெள்ளீயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலத்தில் எழுந்த சீன, போர்த்துகீசியக் கலப்புப் பாணி வீடுகள் நிறைந்த பழைய நகரம் ஆகியவை எல்லா வழிகாட்டி ஏடுகளிலும் உள்ளவை. தமிழ் வாசகர் தவறவிடக் கூடாதது தலாங் அருங்காட்சியகம். புக்கெட்டுக்கு வடக்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையிலுள்ள தகுவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் திருமால் சிலை அங்கே நிற்கிறது. அதே தகுவாபாவில்தான் அவனிநாரணம் என்னும் குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் குறிப்பிடும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். கடல் கடந்து வணிகம் செய்யச் சென்றவர்கள் அங்கே ஒரு குளம் வெட்டி, அதைக் காக்கவும் ஆள் அமர்த்தினர் என்பது பெருமைக்கு உரியதுதான். எங்களுடன் வந்த பிற பயணிகளில் ஒருவர்கூட அருங்காட்சியகத்தில் இறங்கவில்லை என்பது வேறு கதை.

எங்களை நிறுத்திய இடம் ரவாய். தீவின் தென்கோடியில், உராக் லவோய் என்னும் கடலோடி மக்கள் வாழும் ஊர். கரையை ஒட்டி மீன் அங்காடி. இறாலோ நண்டோ வாங்கி எதிர்க் கடையில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். பயணிகள் பேருந்து பேருந்தாக வந்து உண்டுவிட்டுப் படம் எடுத்துச் செல்கின்றனர். நாங்களும் உண்டோம், படம் எடுத்தோம். அந்தக் கரை யாருடையது என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்ததை ஊர் திரும்பிய பிறகே விரிவாகப் படித்தோம்.

தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தும் அம்மக்களிடம் நிலத்துக்கு எழுத்துப்பூர்வமான ஆவணம் இல்லை. சுற்றுலா வளர்ந்து நிலத்தின் விலை ஏறியதும் பட்டா வைத்திருந்தோர் உரிமை கோரினர். 2016 ஜனவரியில், கரைக்கும் வழிபாட்டிடத்துக்கும் செல்லும் பாதையை அடைக்கும் முயற்சியில் கைகலப்பே மூண்டது. தாங்கள் அவ்விடத்துப் பழங்குடிகள் என்று நிறுவ முன்னோரின் எலும்புகளையும், 1959-இல் மன்னர் பூமிபோல் அவ்வூருக்கு வந்தபோது எடுத்த படத்தையும் அவர்கள் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது. தம் வீட்டு வாசலில் தாம் இருப்பதற்கு எலும்பைத் தோண்டிக் காட்ட வேண்டிய நிலை! அத்தனைக்கும் நடுவில் அந்த ஊர் பயணிகளுக்கு ஒரு 'பார்க்க வேண்டிய இடம்'.

அக்கடலின் மக்களை உலகம் ஒருமுறை வியந்து பாராட்டியதும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று சுரின் தீவுகளின் மோக்கன் மக்கள் கடல் உள்வாங்கியதைக் கண்டவுடன், 'லபூன்' என்னும் பேரலை பற்றிய முன்னோர் கதையை நினைவுகூர்ந்து மேட்டுக்கு ஓடினர். அன்றே எங்களுக்கு அருகிலுள்ள கன்னியாகுமரிப் பாறையில் சிக்கிய பயணிகளைக் கரைசேர்க்க மீனவர்களின் படகுகளும் சென்றன. இன்று அங்கு விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில், 2024 டிசம்பரில் அது திறக்கப்பட்டது முதல், கூட்டம் நெரிகிறது. பாலத்தில் நிற்பவர் பார்வையில் மீனவர் குடியிருப்பு ஒரு வண்ணப் பின்னணி.

எங்கள் கரை இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் இடையே விரையும் பேருந்துகள் இடிந்தகரையிலோ கூத்தங்குழியிலோ நிற்பதில்லை. உவரியிலும் மணப்பாட்டிலும் நிற்பவை உண்டு. உவரியில் கப்பல் வடிவில் எழுந்த மாதா கோவில் பயணிகளின் கண்ணை முதலில் கவர்கிறது. அதைவிட எங்களுக்குப் பிடித்தது சுயம்புலிங்க சுவாமி கோவில் வாசல் கடல். நேர்ந்துகொண்டோர் நீராடி, ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவர். எத்தனை பெட்டி என்பது நேர்ச்சையைப் பொறுத்தது. பல மாவட்டத்தார் வந்து தங்கிச் செல்லும் இந்தக் கரைக்கு விருந்தோம்பலைப் புதிதாக எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மணப்பாட்டுக்கு எங்களைப் போன்றோர் செல்வது வேறு காரணத்துக்காக. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலின் ஊர் அது. சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும், செப்டம்பர் 14 திருவிழாவும் அதன் பிறகுதான் எங்களுக்கு நினைவுக்கு வரும். உவரிக்காரரான ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' படித்துவிட்டு உவரியைக் காண வருவோரும் உளர். இலக்கிய வாசகர் மற்றப் பயணிகளை விட மேலானவர் என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், கரையில் பாய் விரித்து நாவல் வாசிப்புக் கூட்டம் நடத்த முனைந்தோம். பெரியவர் ஒருவர் வந்து நின்று, "தம்பி, இது வல காயப்போடுற எடம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். வெறும் மணல் என்று நாங்கள் நினைத்தது அவருக்குப் பணியிடம். வலை காயும் இடம், கருவாடு காயும் இடம், படகு ஏற்றும் இடம், அவற்றுக்கான பாதை என்று அந்த மணல் முழுவதும் பங்கிடப்பட்டிருக்கிறது. ஆனால் எந்தப் பட்டாவிலும் அந்தப் பங்கீடு இல்லை. ரவாயைப் பற்றிப் படித்தபோது அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார்.

இது வீண் அச்சமன்று. 2011-இல் வந்த கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டடத் தடைப் பகுதியாக வைத்திருந்தது. 2019-இன் அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. கரையிலேயே தற்காலிகச் சுற்றுலா வசதிகள் அமைக்கவும் வழி செய்தது. 2023-இல் தமிழ்நாட்டின் வரைவுக் கடற்கரை வரைபடங்கள் வெளிவந்தபோது, மீனவ ஊர்களும் அவற்றின் பொது நிலங்களும் பல இடங்களில் குறிக்கப்படவில்லை என்று மீனவ அமைப்புகள் முறையிட்டன.

சுற்றுலாவே வேண்டாம் என்பது எங்கள் கருத்தன்று. கடலுக்குப் போக விரும்பாத இளைஞர்கள் எங்கள் ஊர்களில் இருக்கின்றனர். மணப்பாடு அலைச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் பெற்றதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. அவர்களிடம் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. நாங்கள் கேட்பது வரிசை முறையை. முதலில் வலைக்களமும் படகுத்துறையும் கோவில் பாதையும் ஊர் மக்களின் வாய்மொழி கேட்டு வரைபடத்தில் ஏறட்டும். விடுதிக்கும் நடைமேடைக்கும் இடம் தேடுவது அதற்குப் பிறகு. அணுமின் நிலையப் போராட்டக் காலத்தில், 2011 முதல், இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன் பந்தலுக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படம் எடுத்துச் சென்றனர். அவர்களில் எத்தனை பேர் அந்த ஊரின் கரையை நடந்து பார்த்தார்கள் என்று அங்குள்ளவர்கள் இன்றும் கேட்கின்றனர்.

எங்கள் குழு ராதாபுரம் வட்டத்துக் கரையூர்களின் வரைபடத் தாள்களைத் திரட்டத் தொடங்கியிருக்கிறது. ஊர்ப் பெரியவர்களோடு அமர்ந்து, எந்த மணலுக்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதப் போகிறோம். இந்தப் பக்கத்து வாசகர்கள் உடன் வரலாம். காலையில் வேண்டாம், மீன் ஏலம் முடிந்த பிறகு வாருங்கள்.