பளபளப்பு நீங்கட்டும், நிறம் இருக்கட்டும்

15 வயது பூர்த்தியானதும் நாம் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோ ஒன்றில்தான் எடுக்க வேண்டும். கணினித் திரையில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நம்மில் பலருக்கு மனம் சோர்ந்துவிடுகிறது. நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, மூக்கு நுனியில் இன்னொன்று, கன்னங்களில் எண்ணெய் பூசியது போன்ற மினுக்கம். உடனே கூட வந்தவர், "பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தாங்க" என்கிறார்.

முகத்தின் பளபளப்பைக் குறைக்கக் கேட்பது நியாயம். நிறத்தை மாற்றக் கேட்பது நியாயமல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் நமது பிழை என்பது எனது கருத்து.

பளபளப்பு என்பது என்ன? தோலின் மேலுள்ள எண்ணெயும் வியர்வையும் கண்ணாடி போல விளக்கொளியைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த வெள்ளைத் திட்டு விளக்கின் நிறமே தவிர நமது நிறமல்ல. கெமராவின் ஃபிளாஷ் சிறியது, முகத்துக்கு நேரே இருப்பது. அதனால் திட்டும் கூர்மையாக விழுகிறது. கருநிறத்தாருக்கு இது கூடுதலாகத் தெரிவதற்கு எண்ணெய் அதிகம் என்பது காரணமல்ல. வெள்ளைத் தாளில் தெரியாத வெண்கட்டிக் கோடு கரும்பலகையில் பளிச்செனத் தெரிகிறதல்லவா, அது போலத்தான். ஆகவே முகம் முழுவதையும் வெள்ளையாக்கினால் பளபளப்பு நீங்காது. திட்டு மேலும் வெளிறிப் பரவும். கண், மூக்கின் வடிவம்தான் மங்கிப்போகும்.

நமது நிறத்தைப் படத்தில் சரியாகக் கொண்டுவரப் படக்கலை நீண்டகாலம் அக்கறை காட்டவில்லை என்பதும் உண்மை. 1875இல் இலங்கைக்கு வந்து களுத்துறையில் தோட்டத் தொழிலாளர்களைப் படம்பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கெமரன். 1879இல் மறைந்த அவரது அடக்கத்தலம் பொகவந்தலாவையில் இருக்கிறது. அக்காலக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. சிவப்பையும் மஞ்சளையும் உணரவில்லை. அதனால் மாநிறமும் கருநிறமும் உள்ளதைவிடக் கறுத்தே பதிந்தன. பின்னர் வர்ணப்படம் வந்தபோது, நிறம் சரியா என்று பார்க்க கொடக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவரது தோலுக்கு ஏற்பவே உலகத்தார் அனைவரது படங்களும் அச்சாகின. பல நிறத்துப் பெண்கள் உள்ள அட்டைகள் 1990களில்தான் வந்தன. கருநிறத் தோலையும் உள்ளபடி காட்டுகிறோம் என்று கூகுள் நிறுவனம் தனது பிக்சல் 6 கைபேசியை அறிமுகப்படுத்தியது 2021இல். அதுவரை குறை கருவியில் இருந்தது. நாமோ அதை நமது முகத்தில் தேடினோம்.

சரி, பளபளப்பைக் குறைப்பது எப்படி? செலவில்லாத வழிகளே போதும். படமெடுக்குமுன் முகத்தைக் கழுவி, நெற்றியையும் மூக்கையும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். கிறீம் பூசிக்கொண்டு போக வேண்டாம். வீட்டில் எடுப்பதானால் ஃபிளாஷை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நில்லுங்கள். அப்புத்தளையில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. மூடுபனி வெயிலைச் சிதறடித்து வானம் முழுவதையும் ஒரே மெல்லிய விளக்காக்கிவிடுகிறது. நகரத்து ஸ்டூடியோக்கள் விளக்கின் முன்னே வெள்ளைத் துணி கட்டிச் செய்வதும் இதைத்தான்.

நமது வெள்ளைப் பர்தாவையும் கவனிக்க வேண்டும். அந்த வெண்மையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று கெமரா தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். "பிள்ளை கறுப்பு" என்று அதற்குப் பொருளல்ல. கைபேசித் திரையில் முகத்தின் மீது விரலை வைத்து அதற்கேற்ப ஒளியைக் கூட்டினால் போதும்.

எடுத்த படத்தில் திருத்தம் தேவையானால், திட்டு விழுந்த இடத்தை மட்டும் பக்கத்துத் தோலின் நிறத்துக்குக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் அது குடும்பப் படத்துக்கு. அடையாள அட்டைப் படத்துக்குப் பின்பற்றப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமங்கள், முகத்தில் ஒளித் திட்டு இருக்கக்கூடாது, தோல் இயல்பான நிறத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. அங்கே திருத்த வேண்டியது விளக்கைத்தான்.

"அழகாகத் தெரிய ஆசைப்படுவது குற்றமா?" என்று சிலர் கேட்கலாம். குற்றமே இல்லை. கண்ணாடி பார்த்துத் தலையைச் சீர்செய்வது போலத்தான் மினுக்கத்தை ஒற்றி எடுப்பதும். ஆனால் நிறத்தை மாற்றும் ஆசை படத்தோடு நிற்பதில்லை. படத்தில் வெள்ளையாகத் தெரிந்த பிள்ளை நேரிலும் அப்படித் தெரிய கிறீம் தேடுகிறாள். 1975 முதல் 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்று விற்ற கிறீம், எதிர்ப்பு வலுத்ததும் 2020இல் 'க்ளோ அன்ட் லவ்லி' ஆனது. பெயர் மாறியதே தவிர ஆசை மாறவில்லை. விலாசமில்லாத சில கிறீம்களில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் பாதரசம் கலந்திருக்கிறது. மினமாட்டா சமவாயம் பாதரசம் சேர்த்த தோல் வெண்மைக் கிறீம்களுக்குத் தடை விதித்திருப்பது வீணுக்கல்ல.

பெற்றோரே, கலியாணப் பேச்சுக்குக் கொடுக்கும் படத்தை வெள்ளையாக்கிக் கொடுக்கிறோம். நேரில் பார்க்க வருபவர் படத்தையும் பிள்ளையையும் மாறிமாறிப் பார்க்கும்போது தலை குனிவது அவள்தான். "வெள்ளையாக்கித் தாங்க" என்று அவள் முன்னால் சொல்லும்போதே, உன் நிறம் ஒரு குறை என்று அவளுக்குச் சொல்லிவிடுகிறோம். அடுத்த முறை ஸ்டூடியோவில், "விளக்கைக் கொஞ்சம் பக்கமாகத் திருப்புங்கள், நிறத்தைத் தொடாதீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் நிற்கும் மகள் அதைக் கேட்பாள்.